ஜன்னலைத் திறந்தால் சென்ட்ரல்

வெள்ளைக்கரட்டு அண்ணன் தம்பிகளைப் பற்றி ஊரில் என்னென்னவோ பேசுவார்கள். நான் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். சொன்ன சொல்லுக்கு மேல் ஒரு விரற்கடை யோசிக்காதவர்களும்கூட. எனக்குப் பங்காளி முறை. அதை நான் வெளியூரில் சொல்லிக்கொள்வதில்லை.

நால்வரில் மூத்தவர் அங்கமுத்து. முடிவெடுப்பது அவர் வேலை. அடுத்தவர் சடையப்பன், ஒன்பதாம் வகுப்பு வரை போனவர், அதனால் எதையும் படித்துச் சொல்வதும் டேப் வைத்து அளப்பதும் அவர் பொறுப்பு. மூன்றாமவன் வீரமலை. காரியத்தை முதலில் முடித்துவிட்டு, என்ன காரியம் என்று பிறகு கேட்பான். கடைக்குட்டி பொம்மையன். அங்கமுத்துவின் மனைவி மாரக்காள் நல்ல விவரமான குடும்பத்திலிருந்து வந்தவள்தான். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்ததில் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

நடுவில் உள்ள இருவரும் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள். பொம்மையன் அப்படியில்லை. முப்பத்துநான்கு வயதாகிறது, ஆசையாக இருந்தான். பதினோரு இடம் பார்த்தாயிற்று. கடைசியாகப் போன வீட்டில், "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க தம்பி" என்றார்கள். எழுந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, அவர்கள் கட்டிலில் படுத்துச் சாயங்காலம் வரை தூங்கினான். அந்த இடமும் தட்டிப்போயிற்று. அதன் பிறகு அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்திருப்பான். எனக்கு உள்ளபடியே பாவமாக இருக்கும். நல்ல உழைப்பாளி, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. அதற்கு வேண்டிய யோசனையும் கிடையாது.

பன்னிரண்டாவது இடத்தைச் சொன்னவர் திருச்சித் தரகர் முத்துவிநாயகம். எல்லாம் போனிலேயே முடிக்கிறவர். இரண்டு வீட்டையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை.

"பொண்ணு மணப்பாறைங்க. கோமளவல்லின்னு பேரு. அப்பா சீரங்கன், கவர்மெண்டு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. தங்கமான குடும்பம். ஒரே ஒரு கண்டிஷன்தான். பொண்ணு டவுனுலதான் வாக்கப்படுவேங்குது. ஜன்னலைத் தெறந்தா டவுனு தெரியணுமாம். அதுவும் பேர் பெத்த எடமாத் தெரியணுமாம்."

"பாத்துட்டுச் சொல்றோம்" என்று அங்கமுத்து போனை வைத்தார்.

அண்ணன் தம்பிகள் வீட்டுக்கு மூன்று ஜன்னல். மூன்றையும் திறந்து பார்த்தார்கள். கூடத்து ஜன்னலில் முருங்கை மரம் தெரிந்தது. சமையலறை ஜன்னலில் வைக்கோல் போர். அறை ஜன்னலில் என் வீட்டுப் பின்பக்கம்.

"டவுனு தெரியலையேண்ணே" என்றான் பொம்மையன்.

"பாதிதான் தெறந்திருக்கு. நல்லாத் தெறந்து பாரு" என்றார் அங்கமுத்து.

வீரமலை ஜன்னல் கதவுகளைக் கீலோடு கழற்றிக் கீழே வைத்தான். அப்போதும் முருங்கை மரம்தான். பிறகு சடையப்பன் யோசித்து, ஜன்னலைத் திறந்தால் தெரிய வேண்டும் என்றுதானே சொன்னார்கள், கதவே இல்லாவிட்டால் எதைத் திறப்பது என்றார். கதவுகளை மறுபடி மாட்டினார்கள். அந்த நாள் அப்படிப் போயிற்று.

அடுத்த வாரம் மோட்டாருக்கு வாஷர் வாங்க அங்கமுத்து திண்டுக்கல் போனார். அங்கே ஒரு கடைச் சுவர் முழுக்கப் படங்கள். கித்தான் துணியில் அச்சடித்து மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஊர் ஊராகக் கோபுரமும் பாலமும் ரயில் நிலையமும் பளபளவென்று தொங்கின. அவர் படங்களைப் பார்க்கவில்லை. மேலே இருந்த போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். 'சென்னையை உங்கள் வீட்டுக்கே கொண்டுவாருங்கள்' என்று எழுதியிருந்தது.

வாஷர் வாங்க மறந்து ஓடி வந்தார்.

"ஆர்டர் குடுத்துட்டேன்டா! பத்து நாள்ல வருது."

"என்னண்ணே வருது?"

"சென்னை."

மாரக்காள் உலையில் அரிசி போடப் போனவள் அப்படியே நின்றாள்.

"முழுசாவா?" என்றார் சடையப்பன்.

"சேச்சே. மூணு ஜன்னலுக்கு மூணு எடம் மட்டும் சொல்லியிருக்கேன். சென்ட்ரல் ஸ்டேஷன், கலங்கரை விளக்கம், நேப்பியர் பாலம். மத்தது அங்கயே இருக்கட்டும். அங்க உள்ள சனத்துக்கும் வேணும்ல."

அண்ணனின் பெருந்தன்மையை நினைத்துத் தம்பிகள் நெகிழ்ந்துபோனார்கள்.

வருகிற சென்னையை எங்கே இறக்குவது என்று அன்றைக்கே பேச்சு எழுந்தது. ரயில் நிலையத்துக்கு இடம் வேண்டும் என்று, விளைய இன்னும் இருபது நாள் இருந்த கடலைச் செடியை அரை ஏக்கர் பிடுங்கினார்கள். பாலத்துக்காக வாய்க்காலை அகலமாக வெட்டினார்கள். கலங்கரை விளக்கத்தோடு கடலும் வரும் என்பதால் வீரமலை கிணற்றுக்குக் கிழக்கே ஒரு பெரிய குழி தோண்டினான். சடையப்பன் என் வீட்டுக்கு வந்தார்.

"பங்காளி, அடுத்த வாரம் கடல் வருது. உங்க கெணத்துல உப்புத் தண்ணி ஏறுனா மனசுல வச்சுக்காதீங்க."

வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். வேறு என்ன சொல்ல?

பத்தாம் நாள் மோட்டார் சைக்கிளில் ஒரு கூரியர்காரர் வந்தார். பின்னால் மூன்று தட்டையான அட்டைப்பெட்டிகள். நால்வரும் சாலைக்கு ஓடி, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"மிச்ச வண்டியெல்லாம் எங்க வருது?" என்று அங்கமுத்து கேட்டார்.

"எந்த வண்டி? அவ்வளவுதாங்க. கையெழுத்துப் போடுங்க."

"கடல் எந்தப் பெட்டிங்க? சிந்தாம எறக்குங்க."

அவர் அங்கமுத்துவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மூன்று பெட்டியையும் பதனமாக இறக்கி வைத்துவிட்டுப் போனார். கூரியர்காரர்கள் எல்லா விதமான ஆட்களையும் பார்க்கிறவர்கள்.

பெட்டியைப் பிரித்தால், கித்தானில் சென்ட்ரல் இருந்தது. சிவப்புக் கட்டடம், மணிக்கூண்டு, வாசலில் ஆட்டோக்கள், நாலைந்து ஆட்கள், எல்லாம் அச்சு அசலாக. பொம்மையன் தொட்டுப் பார்த்தான்.

"என்னண்ணே இம்புட்டுச் சின்னதா, சப்பையா இருக்கு?"

அங்கமுத்து சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது.

"வத்தல் மாதிரி காய வச்சு அனுப்பியிருக்கானுக. தூரப் பயணம் பாரு, கெட்டுப் போகாம இருக்கணும்ல."

"அப்ப ஊற வைக்கணுமா?" என்று வீரமலை கேட்டபோது, சென்ட்ரலை ஏற்கெனவே தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பாதி தூரம் போயிருந்தான். நல்லவேளையாகச் சடையப்பன் பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாள் இருப்பதைக் கண்டுபிடித்து உரக்கப் படித்தார்.

"தண்ணீர் படக் கூடாது."

"கடலுக்கும் அப்படித்தான் போட்டிருக்கா?" என்று மாரக்காள் கேட்டாள்.

"மூணுக்கும் அதேதான் மதினி."

"தண்ணி ஆகாத கடலு" என்று மாரக்காள் உச்சுக்கொட்டினாள். "எங்க சித்தப்பாவுக்கும் கடைசி காலத்துல தண்ணியே ஆகலை."

துண்டுத்தாளில் இன்னும் மூன்று விஷயம் இருந்தது. வீட்டுக்குள் மட்டுமே மாட்ட வேண்டும், வெயிலும் மழையும் படக் கூடாது. கண் மட்டத்தில் மாட்ட வேண்டும். சென்ட்ரல் மூன்று துண்டாக வந்திருந்தது, துண்டுக்குத் துண்டு இரண்டு அங்குலம் இடைவெளி விட வேண்டும். இந்த மூன்றையும் நிறைவேற்ற அவர்களுக்கு எட்டு நாள் பிடித்தது.

முதல் சிக்கல் பெரிய சிக்கல். ஜன்னலைத் திறந்தால் தெரிய வேண்டும் என்றால் படம் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். துண்டுத்தாளோ வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்கிறது.

"தரகர் சொன்னதைக் கேட்டா கடைக்காரர் சொன்னதை மீறணும்" என்றார் சடையப்பன். "கடைக்காரர் சொன்னதைக் கேட்டா தரகர் சொன்னதை மீறணும்."

"ரெண்டு பேருமே பெரிய மனுசங்க" என்றார் அங்கமுத்து. "யாரு மனசும் நோகக் கூடாது. வெளிய இருக்கிறதை உள்ள ஆக்கிடுவோம்."

மூன்று ஜன்னலுக்கும் வெளியே கீற்றுக் கொட்டகை போட்டார்கள். நாலு பக்கமும் தட்டி அடைத்து, மேலே கூரை வேய்ந்தார்கள். இப்போது ஜன்னலுக்கு வெளியே இருப்பதும் வீட்டுக்குள் இருப்பதாக ஆயிற்று. ஒரே குறை, ஜன்னலைத் திறந்தால் கும்மிருட்டு. கொட்டகைக்கு மூன்று டியூப் லைட் போட்டார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கும் சென்ட்ரலுக்கு லைட் எரிந்தது. கொட்டகை என்று ஒன்று வந்துவிட்டதால், ஆடுகளையும் அதற்குள்ளேயே கட்டினார்கள். மற்றபடி கொட்டகை எதற்கு?

அடுத்தது கண் மட்டம்.

"யாரு கண்ணு?" என்றார் சடையப்பன், டேப்பை நீட்டியபடி. அங்கமுத்து ஆறடி. மாரக்காள் நாலே முக்கால் அடி. வீரமலைக்கு ஒரு கண் இன்னொன்றைவிடக் கொஞ்சம் கீழே இருந்தது, அது அன்றைக்குத்தான் வீட்டாருக்குத் தெரிந்தது.

"பாக்கப் போறவ கோமளவல்லி" என்றான் பொம்மையன். அந்தப் பெயரை அவன் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு வெட்கத்தில் சென்ட்ரலின் பின்னால் போய் நின்றுகொண்டான்.

தரகருக்குப் போன் போட்டார்கள்.

"பொண்ணு உயரம் அஞ்சடி ரெண்டு அங்குலம்" என்றார் முத்துவிநாயகம்.

"அது உச்சந்தலைக்குங்க. உச்சந்தலையிலேர்ந்து கண்ணு எம்புட்டுக் கீழ இருக்கு?"

"ஐயா, நான் தரகரா, டெய்லரா?"

அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டு, பெண் செருப்புப் போட்டுக்கொண்டு பார்க்குமா, வெறுங்காலோடு பார்க்குமா என்று கேட்டார்கள். அப்புறம் நின்று பார்க்குமா, உட்கார்ந்து பார்க்குமா. ஏழாவது தடவை தரகர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். "பொண்ணு வீட்டு நம்பரைத் தர்றேன். சீரங்கனுக்கு முட்டி வலி, வீடு பாக்க நேர்ல வர முடியாது. வீடியோவுல காட்டுங்க. ரெண்டு வீட்டாரும் நீங்களே பேசி முடிச்சுக்கங்க. என்னைய விட்ருங்க." அதற்குப் பிறகு அவர் நம்பர் எடுக்கவே இல்லை.

கடைசியில் எல்லாருடைய கண்ணுக்கும் நடுவாக ஒரு உயரத்தைச் சடையப்பன் கணக்குப் போட்டார். அந்த உயரம் யாருடைய கண்ணுக்கும் பொருந்தவில்லை. ஆகவே யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை என்று திருப்தியாக மாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ. வீரமலை போனைப் பிடித்தான். திரையில் சீரங்கன் தெரிந்தார். வெள்ளை மீசை, தடித்த கண்ணாடி, தோளில் துண்டு. பக்கத்தில் நீலப் புடவையில் கோமளவல்லி.

"வணக்கம் மாப்ளே! எங்க இருக்கீங்க?"

"வீட்லதான் மாமா" என்றான் பொம்மையன்.

"ஜன்னலைத் தெறங்க, பாப்போம்."

பொம்மையன் கூடத்து ஜன்னலைத் திறந்தான். சீரங்கன் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

"அடேயப்பா! சென்ட்ரலு! பத்தொம்பது வருசம் மெட்ராஸ் ரூட்ல ஓடுனவன்யா நானு. எனக்கா தெரியாது? சாட்சாத் சென்ட்ரலேதான். என்ன, இன்னைக்கு ஆள் நடமாட்டமே இல்ல?"

"ஞாயித்துக்கெழமைல்ல மாமா."

"அதான பாத்தேன். அது என்ன, நடுவுல ஆடு நிக்குது?"

இரண்டு துண்டுக்கு நடுவே விட்ட இடைவெளியில் கொட்டகை ஆடு மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"அது எப்பவும் அங்கனதான் நிக்கும் மாமா" என்றார் அங்கமுத்து. உண்மையைத்தான் சொன்னார். அந்த வீட்டில் யாரும் பொய் சொன்னதே இல்லை.

அடுத்து சமையலறை ஜன்னலைத் திறந்தார்கள். கலங்கரை விளக்கமும் அதன் காலடியில் கடலும் தெரிந்தன. கோமளவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். சீரங்கன் துண்டை உதறி மறு தோளில் போட்டார்.

"மாப்ளே, கொஞ்சம் இருங்க. கூடத்து ஜன்னல்ல சென்ட்ரலு. அடுப்படி ஜன்னல்ல லைட் ஹவுஸு. ரெண்டுக்கும் நடுவுல மைல் கணக்குல தூரம் இருக்கே. ஒரே வீடா இது?"

"ஒரே வீடுதான் மாமா. பாகம் பிரிக்கலை."

சென்ட்ரலில் தொடங்கிக் கடற்கரையில் முடிகிற வீட்டைச் சீரங்கன் அரண்மனைகளிலும் கேள்விப்பட்டதில்லை. நேப்பியர் பாலத்தைக் காட்டுவதற்குள் அவர் தட்டு மாற்ற நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கோமளவல்லிதான் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நான் ஒண்ணு சொல்லணுங்க. எங்க வீட்டு ஜன்னலைத் தெறந்தா எதுத்த வீட்டுச் சுவரு. முப்பது வருசமா அதையே பாத்துட்டு இருக்கேன். சமைக்கிறப்பவும் சுவரு, தல வாருறப்பவும் சுவரு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நீங்க ஜன்னலை மூடாம இருந்தாப் போதும்."

"மூட மாட்டேங்க" என்றான் பொம்மையன்.

அவன் சொன்னால் சொன்னதுதான். அந்த நிமிஷத்திலிருந்து ஜன்னல் கதவைக் கையால் பிடித்தபடி அங்கேயே நின்றான். காற்றில் மூடிக்கொள்ளக் கூடாதே. சாப்பாட்டை மாரக்காள் ஊட்டிவிட்டாள். தோட்ட வேலைக்கு அவன் வரவே இல்லை, ஆனால் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பதினோரு தடவை அடிபட்டவன் சிரித்துக்கொண்டு நிற்பதை நானும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாரக்காள் தன் பாட்டுக்கு, கடல் வந்த நாளிலிருந்து உப்பு வாங்குவதை நிறுத்தியிருந்தாள். வாசலில் கடலை வைத்துக்கொண்டு கடையில் உப்பு வாங்குகிறவள் என்று பேர் எடுக்க அவளுக்கு இஷ்டமில்லை. அந்த வீட்டில் மூன்று வாரம் உப்பில்லாமல் சாப்பிட்டார்கள். கல்யாணக் குழப்பத்தில் நாக்கு செத்துவிட்டது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

பத்திரிகையைச் சீரங்கனே மணப்பாறையில் அடித்து, ஒரு கட்டைத் தபாலில் அனுப்பினார். சடையப்பன் படித்தார்.

"இடம், மணமகன் இல்லம், சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரில், சென்னை."

"தப்பு ஒண்ணும் இல்லியே?" என்றார் அங்கமுத்து.

சடையப்பன் எழுந்து போய் ஜன்னல் வழியாக ஒரு தடவை சரிபார்த்துவிட்டு வந்தார். "எதுருலதாண்ணே இருக்கு. சரியாப் போட்டிருக்காரு."

எனக்கும் ஒரு பத்திரிகை வைத்தார்கள். படித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் என்ன சொன்னாலும் அதை அப்படியே செய்துவிடுகிற ஆட்கள். அந்தப் பாவம் எனக்கு எதற்கு என்று வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். காலையிலேயே வாழைமரம் கட்டி, மேளக்காரர்கள் வந்து, ஊரே கூடியிருந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் பொம்மையன் ஜன்னல் கதவைப் பிடித்தபடி நின்றான். மாரக்காள் வாசலில் நிற்கவில்லை. பெண் வீட்டார் சென்ட்ரல் பக்கமிருந்துதான் வருவார்கள் என்பதால் ஆலாத்தித் தட்டோடு ஜன்னலண்டை நின்றாள். ஒன்பதே காலுக்குப் போன் வந்தது. இந்தப் பக்கம் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பக்கம் நடந்ததைப் பிற்பாடு சீரங்கனே எனக்குச் சொன்னார்.

"மாப்ளே, சென்ட்ரல் வாசல்ல நிக்கிறோம். நாப்பது பேரு, சீர் தட்டோட நிக்கிறோம். வீடு எது?"

போனை அங்கமுத்து வாங்கினார். "எதுத்தாப்புல பாருங்க மாமா. பச்சை ஜன்னலு. பொம்மையன் கதவைப் புடிச்சிக்கிட்டு நிப்பான்."

சென்னையில் நாற்பது பேரும் ரயில் நிலையத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, எதிரே இருக்கும் கட்டடங்களில் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார்கள். எந்த ஜன்னலிலும் மாலை போட்ட ஆள் இல்லை.

"தெரியலையே மாப்ளே. நீங்க எங்களைப் பாருங்க."

நால்வரும் கித்தானை நெருங்கிப் பார்த்தார்கள். சென்ட்ரல் வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மஞ்சள் பையோடு நின்றிருந்தார். கடுகளவு உருவம்.

"வெள்ளைச் சட்டைதான மாமா?"

"ஆமா."

"கையில மஞ்சப்பை?"

"ஆமா, தாம்பூலப்பை!"

"தெரியுறீங்க மாமா!" என்று அங்கமுத்து கத்தினார். மேளக்காரர்கள் அதையே கெட்டிமேளத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு அடித்துத் தீர்த்தார்கள். அவர்களை அடக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மாமா, கூட ஆளையே காணோமே? நாப்பது பேருன்னீங்க?"

"பின்னாடி நிக்கிறாங்க மாப்ளே."

"கையைக் கொஞ்சம் ஆட்டுங்க, பாப்போம்."

"ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஆடலையே மாமா."

"ரெண்டு கையையும் ஆட்டுறேன்யா!"

மாரக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முட்டி வலின்னு சொன்னாங்க, பாவம், கைக்கும் வந்துருச்சு போலருக்கு."

மணி ஒன்பதரை. பொம்மையன் முகம் சுருங்க ஆரம்பித்தது. "அண்ணே, நேரம் போகுது. எதுத்தாப்புலதான் நிக்கிறாங்க. அவங்க எப்படி உள்ள வருவாங்க?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. சடையப்பன் டேப்பை எடுத்தார், எதை அளப்பது என்று தெரியாமல் மறுபடி சுருட்டினார். அங்கமுத்து கண்ணை மூடி யோசித்தார். பன்னிரண்டாவது இடமும் போய்விட்டால் தம்பி பிழைக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். கண்ணைத் திறந்தபோது முடிவு எடுத்திருந்தார்.

"நடுவுல கித்தான்தான மறைக்குது!"

அரிவாளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். சென்ட்ரல் ஸ்டேஷனின் வாசல் எங்கே வரைந்திருக்கிறதோ, அதே இடத்தில், மேலிருந்து கீழாக ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரே கிழி.

"மாமா, வாசலைத் தெறந்தாச்சு. வாங்க!"

சென்னையில் சீரங்கன் திரும்பிப் பார்த்தார். சென்ட்ரல் வாசல் ஆவென்று திறந்துதான் கிடந்தது. "அட ஆமா, தெறந்துதான் இருக்கு. வலது காலை எடுத்து வச்சு வா தாயி" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நுழைந்தார். நாற்பது பேரும் பின்னால் நுழைந்தார்கள்.

இங்கே கிழிசல் வழியாக முதலில் நுழைந்தது ஆடு. ஜன்னலுக்கு நேராக வந்து தலையை நீட்டியது. முதலில் வருகிறவருக்குத்தானே மரியாதை என்று மாரக்காள் அதற்கு மூன்று சுற்று ஆலாத்தி சுற்றி நெற்றியில் பொட்டு வைத்தாள்.

"உள்ள வந்துட்டோம் மாப்ளே!" என்று போனில் சீரங்கன் குரல். பின்னால் பெரிய இரைச்சல். "யப்பா, என்னா கூட்டம்! எல்லாம் உங்க சொந்தக்காரங்களா? ஆனா ஒருத்தருகூட வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை. மைக்குல மட்டும் யாரோ விடாம வரவேற்பு குடுத்துக்கிட்டே இருக்காங்க."

"கோவிச்சுக்காதீங்க மாமா. நேரா கூடத்துக்கு வந்து உக்காருங்க."

"கூடம்... இந்தா, நீளமா ஒண்ணு தெரியுது. நீல பெயிண்டா?"

"சுண்ணாம்புதான் அடிச்சோம் மாமா. வீரமலை மாத்தியிருப்பான். அவன் கேக்காமத்தான் செய்வான்."

வீரமலை, எப்போது செய்தோம் என்று யோசித்தபடி தலையைக் குனிந்துகொண்டான்.

"உக்காந்துட்டோம் மாப்ளே. பெஞ்சு, பேனு எல்லாம் நல்ல வசதி. என்னா நீளம்யா உங்க கூடம்! இந்தாங்க, பாப்பா பேசணுங்குது."

அங்கமுத்து போனைத் தம்பியின் காதில் வைத்தார். ஜன்னல் கதவைப் பிடித்த கையை அவன் அப்போதும் எடுக்கவில்லை.

"நாந்தாங்க" என்றாள் கோமளவல்லி. குரல் மெல்ல வந்தது. "ஒரு ஜன்னல் இருந்தாப் போதும்னுதான் நான் கேட்டேன். இங்க வரிசையா எத்தனை ஜன்னலு! எல்லாமே தெறந்திருக்கு. எனக்காகவா?"

"உனக்காகத்தான்" என்றான் பொம்மையன். கண்ணீர் மாலை மேல் சொட்டியது. ஊரார் பக்கம் திரும்பி, "பொண்ணு வீட்டுக்குள்ள வந்துருச்சு!" என்று உரக்கச் சொன்னான். பெண்கள் குலவை போட்டார்கள். நானும் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

"ஜன்னல்ல இப்ப என்ன தெரியுது?" என்று கேட்டான்.

"மொதல்ல ஒரு தூணு தெரிஞ்சுதுங்க. இப்ப ரெண்டாவது தூணு. இப்ப ஒரு டீக்கடை. இப்ப அதும் போயிருச்சு. என்னங்க இது, ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துட்டே இருக்கு!" சிரித்தாள். பிறகு அவளுக்கும் ஏதோ உறைத்தது. "ஏங்க, உங்க வீடு கெளம்பிருச்சு!"

பொம்மையன் அப்படியே அண்ணனிடம் சொன்னான். அங்கமுத்து முகம் வெளுத்தது. முற்றத்துக்கு ஓடி இரண்டு கையையும் உயர்த்தினார்.

"வீடு கெளம்பிருச்சாம்! எல்லாரும் ஏறுங்க! சீக்கிரம்!"

பந்தலில் இருந்த அத்தனை பேரும் முண்டியடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஏறினார்கள். மேளக்காரர்கள் தவிலை முதலில் உள்ளே தள்ளிவிட்டுப் பின்னால் ஏறினார்கள். சடையப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைக்குழந்தைக்காரிகளுக்கு இடம் விடச் சொன்னார். மாரக்காள் ஓடிப் போய், போகிற வேகத்தில் சிந்திவிடும் என்று சாம்பார் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். தள்ளுமுள்ளில் நானும் எப்படியோ உள்ளேதான் இருந்தேன்.

வீரமலை மட்டும் அதற்குள் வாய்க்கால் பக்கம் இலை அறுக்கப் போயிருந்தான். சத்தம் கேட்டு வயலில் விழுந்தடித்து ஓடி வந்தான். "கையக் குடு! கையக் குடு!" என்று அங்கமுத்து வாசற்படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். வீட்டோடு கூடவே பத்தடி ஓடி, ஒரே தாவலாகத் தாவி, அவன் எப்படியோ படியில் காலை வைத்துவிட்டான். நல்லவேளை, வீடு இன்னும் வேகம் எடுத்திருக்கவில்லை.